ஒரு கைப்பிடிக் கொழுந்து

ஈய டங்ஸ்டேட் என்றொரு படிகம் இருக்கிறது. எடையில் பெரும்பகுதி உலோகம், எஃகைவிடக் கனம், ஆனால் கண்ணாடியைப் போல ஊடுருவித் தெரியும். ஜெனீவாவுக்குப் பக்கத்தில், பிரான்ஸ் எல்லைக்குள் இருக்கும் செஸி என்ற ஊரில், தரைக்குக் கீழே சுமார் 100 மீட்டர் ஆழத்தில் இப்படிப்பட்ட 75,848 படிகங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் வட்ட மோதுவியில் உட்கார்ந்திருக்கும் சிஎம்எஸ் என்ற உணர்கருவியின் ஒரு பகுதி அது. புரோட்டான்கள் மோதித் தெறிக்கும்போது வருகிற ஒரு ஃபோட்டானோ எலக்ட்ரானோ படிகத்துக்குள் நுழைந்தால் படிகம் நீலமாக மினுங்கும். எவ்வளவு மினுங்கியது என்று அளந்தால் வந்த துகளின் ஆற்றல் தெரியும். 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் போசான் பற்றிய அறிவிப்பு வந்ததே, அதற்கான முக்கியமான சாட்சியங்களில் ஒன்று இந்தப் படிகங்கள் பார்த்த ஃபோட்டான் ஜோடிகள்.

செர்ன் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அங்கே நிற்கும் நடராஜர் சிலையில் ஆரம்பிப்பார்கள். 2004இல் இந்தியா கொடுத்தது. நல்ல சிலை, அது நிற்கட்டும். எனக்கு அங்கே பிடித்தது பராமரிப்பு அறிக்கைகள். எந்தக் குழாய் கசிகிறது, எந்தச் சில்லு செத்தது, எதை எத்தனை டிகிரியில் வைத்திருக்கிறோம் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவை யாரும் இணையத்தில் படிக்கலாம். வேலை முடிந்த இரவுகளில் நான் அவற்றைப் படிக்கிறேன். கொஞ்சம் விசித்திரமான பழக்கம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

அந்த அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருவது ஒரே விஷயம்: படிகங்கள் மங்குகின்றன.

கதிர்வீச்சு படிகத்துக்குள் இருக்கும் சின்னச் சின்னக் குறைகளில் எலக்ட்ரான்களைச் சிக்க வைக்கிறது. சிக்கிய இடங்கள் நீல ஒளியை விழுங்க ஆரம்பிக்கும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. படிகம் மினுங்கும் திறன் அப்படியேதான் இருக்கிறது. மினுங்கிய வெளிச்சம் மறுமுனையில் இருக்கும் உணரிக்கு வந்து சேர்வதுதான் குறைகிறது. எந்தத் துகளைப் பார்க்க அந்தக் கண்ணை அங்கே வைத்தார்களோ அந்தத் துகளே கண்ணை மறைக்கிறது. வேலையே காயம். காயம் படாமல் வேலை செய்த படிகம் என்று ஒன்று அங்கே இருக்க முடியாது.

இதற்கு என்ன செய்கிறார்கள்? ஏறக்குறைய 40 நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு படிகத்துக்குள்ளும் நீல லேசர் ஒளியை அனுப்பிப் பார்க்கிறார்கள். எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது. அதையும் மோதலை நிறுத்திவிட்டுச் செய்வதில்லை. புரோட்டான் கற்றை மோதுவியை ஒருமுறை சுற்றிவர 89 மைக்ரோ வினாடி ஆகிறது. அந்தச் சுற்றில் ஏறக்குறைய 3 மைக்ரோ வினாடி அகலத்துக்குப் புரோட்டானே இல்லாத ஒரு வெற்றிடம் விட்டிருக்கிறார்கள். அவசரம் என்றால் கற்றையை வெளியே தள்ளும் காந்தங்கள் எழும்ப அந்த நேரம் வேண்டும். லேசர் அந்த வெற்றிடத்தில் போய் வருகிறது. மூட்டையை இறக்கி வைத்து மூச்சு விடும் நேரத்தில் "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போவது மாதிரி.

வந்த பதிலை வைத்து ஒவ்வொரு படிகத்துக்கும் ஒரு திருத்தக் காரணி போடுகிறார்கள். பத்து சதவீதம் மங்கிய படிகம் 90 என்று சொன்னால் கணக்கில் அது 100. இரண்டு நாளுக்குள் இந்தத் திருத்தம் தயாராகி, அதற்குப் பிறகுதான் தரவு முறையான ஆய்வுக்குப் போகும்.

காயத்திலும் இரண்டு வகை. முதல் வகை ஆறக்கூடியது: கற்றை நிற்கும் மணி நேரங்களில், குளிர்கால நிறுத்தங்களில், சாதாரண அறை வெப்பநிலையிலேயே படிகம் தானாகக் கொஞ்சம் தெளியும். வரைபடத்தில் பார்த்தால் வேலை நாட்களில் இறங்கி ஓய்வு நாட்களில் ஏறும் ஒரு பல்வரிசைக் கோடு. இரண்டாவது வகை, ஹாட்ரான்கள் உள்ளே புகுந்து செய்யும் சேதம். அது ஆறாது, சேர்ந்துகொண்டே போகும். அந்தக் கோடு ஒவ்வொரு முறை ஏறும்போதும் பழைய உயரத்தைத் தொடாமல் நின்றுவிடுவதற்குக் காரணம் அது.

நான் கருவியியல் படித்தவன். உள்ளூர்ப் பல்கலைக்கழகம். மலாயாப் பல்கலைக்கழகம் சிஎம்எஸ் கூட்டமைப்பில் உறுப்பினர், ஆனால் நான் அங்கே படித்தவன் இல்லை. செர்னுக்கும் போனதில்லை. பிரிஞ்சாங்கில் இருந்துகொண்டு தராசு, வெப்பமானி, ஈரப்பத உணரி ஆகியவற்றைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. காய்கறிக் கூடாரம், ஸ்ட்ராபெரிக் குளிரறை, தேயிலை உலர்த்தி, எங்கே கூப்பிட்டாலும் கருவிப் பெட்டியோடு போவேன். கடல் மட்டத்துக்கு மேல் 1,500 மீட்டர், எப்போதும் ஈரம். இந்த ஊரில் எந்தக் கருவியும் சொன்ன பேச்சில் நிற்காது. தராசுக்குள் இருக்கும் லோட் செல் சில மாதங்களில் நகர்ந்துவிடும். வெறும் தட்டுக்கு அரைக் கிலோ காட்டும். முத்திரை போட்ட எடைக்கல்லை வைத்து, எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, திருத்த வேண்டும். வியாபாரத்தில் பயன்படும் தராசைச் சரிபார்த்து முத்திரையிட மலேசியாவில் 1972ஆம் ஆண்டிலிருந்து எடை அளவுச் சட்டம் இருக்கிறது. தராசுக்கு வயதாவதைச் சட்டம் ஒத்துக்கொள்கிறது.

இந்த ஆண்டு ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வேலை ஒன்று வந்தது. பெயர் வேண்டாம். கொழுந்து எடை போடுவதை முழுக்க டிஜிட்டல் ஆக்க வேண்டும் என்றார்கள். இப்போதெல்லாம் கேமரன் மலையில் கையால் கொழுந்து பறிப்பது குறைவு. செடி வரிசைக்கு இரு பக்கமும் இரண்டு பேர் நின்று பிடித்து நடக்கும் அறுவடை இயந்திரம்தான் அதிகம். நிற்க முடியாத சரிவுகளில் கத்தரி. பிடிப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள், அங்கங்கே எஞ்சியிருக்கும் நம் ஆட்கள் சிலர். அடிப்படைச் சம்பளம் சட்டப்படி. அதற்கு மேல் எடைக்கு ஏற்ற ஊக்கத்தொகை. எடை ஜோடியின் பெயரில் ஏறும்.

தோட்டத்துக்கு வேண்டியது ஆள் ஆளுக்குத் தனி எண். இரண்டு பேர் சேர்ந்து பிடிக்கும் இயந்திரத்தில் அதை எப்படிப் பிரிப்பது? எனக்கு வழி தெரியும் என்பதுதான் பிரச்சினை. ஜோடிகளை வாரா வாரம் மாற்றிப் போட்டால், போதுமான அளவு தரவு சேர்ந்த பிறகு, யார் யாருடன் நின்றபோது எவ்வளவு வந்தது என்பதிலிருந்து ஒவ்வொருவரின் பங்கையும் பிரித்தெடுத்துவிடலாம். பள்ளியில் போட்ட ஒருங்கமைச் சமன்பாடுதான், கொஞ்சம் பெரியது. மென்பொருளில் இரண்டு நாள் வேலை. பிறகு ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கோடு வரும், மேலே போகிறதா, கீழே போகிறதா என்று. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் அந்தக் கோடு மேசை மேல் இருக்கும்.

அவர்கள் அனுப்பிய படிவத்தைப் பார்த்தேன். வயல் எண், சரிவு, மழை, செடி கவாத்து செய்த ஆண்டு என்று கட்டங்கள். தேயிலையில் கவாத்து முக்கியம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியை வெட்டி இறக்குவார்கள். அதற்குப் பிறகு பல வாரங்களுக்கு அந்த வயலிலிருந்து யாரும் கொழுந்து எதிர்பார்ப்பதில்லை. கவாத்து ஆண்டைப் பார்த்துத்தான் வயலுக்கு இலக்கு வைப்பார்கள். 1930களில் நட்ட செடிகள் இந்த மலையில் இன்னும் துளிர்க்கின்றன என்றால் இந்தக் கணக்கும் அதற்கு ஒரு காரணம்.

இன்னொரு கட்டம், ஈரக் கழிவு. மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் எடையில் ஏறும் அல்லவா, அதற்காகச் சில கிலோவைக் கழிப்பார்கள். கூடைக்கு, சாக்குக்கு என்று இன்னும் கொஞ்சம். இலங்கை மலையகத்திலும் நீலகிரியிலும் வால்பாறையிலும் தேயிலை பறித்தவர்கள் யாரிடம் கேட்டாலும் இந்தக் கழிவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

ஆக, தோட்டத்துக்குத் திருத்தம் என்றால் என்னவென்று தெரியாமல் இல்லை. தராசுக்குத் திருத்தம் உண்டு, செடிக்கு உண்டு, தண்ணீருக்கு உண்டு. பறிக்கிறவருக்கு மட்டும் கட்டம் இல்லை. ஐம்பத்தைந்து வயதுக்காரர் இருபத்தைந்து ஆண்டு அந்தச் சரிவில் ஏறி இறங்கிய முழங்காலோடு கொண்டுவரும் எடையும், போன மாதம் வந்த பையனின் எடையும் ஒரே பத்தியில், ஒரே அலகில் விழும். அது பாரபட்சமில்லாத எண் என்று நமக்குத் தோன்றும். சிஎம்எஸ்ஸில் இப்படித் திருத்தாத எண்ணை யாராவது கட்டுரையில் போட்டால் அதைப் பிழை என்பார்கள். கருணை இல்லாத செயல் என்று அல்ல, தப்பான அளவீடு என்று. எனக்கு இந்த வித்தியாசம் முக்கியமாகப்படுகிறது. வயதானவர்களுக்கு இரக்கம் காட்டுங்கள் என்று கேட்பது ஒரு வகைப் பேச்சு. உங்கள் எண் பொய் சொல்கிறது என்பது வேறு வகை.

கோலாலம்பூரில் இயற்பியல் ஆராய்ச்சி செய்யும் நண்பனிடம் இதைச் சொன்னேன். அவன் சிரித்தான். "டேய், அங்க யாரும் படிகத்து மேல பாசம் வெச்சு லேசர் அடிக்கல. அதைக் கழட்டி மாத்த முடியாது, அதான். பத்து வருசம் எடுத்து ரஷ்யாவுலயும் சீனாவுலயும் வளர்த்த படிகம். ஆளை மாத்துறது சுலபம். ஏஜென்ட்டுக்கு ஒரு போன் போட்டா போதும்."

அவன் சொன்னது சரி. நானும் பாசம் என்று சொல்லவில்லை. அங்கே நடப்பது வெறும் கணக்கு. ஆனால் வெறும் கணக்கே இவ்வளவு தூரம் போகிறது என்றால், நாம் கணக்கைக்கூட ஒழுங்காகப் போடவில்லை என்றுதானே அர்த்தம்? "மாற்ற முடியாதது" என்பதும் படிகத்தின் குணம் இல்லை. மாற்றுவதற்கு ஆகும் செலவை யார் தலையில் கட்டலாம் என்பதைப் பொறுத்தது. படிகத்தை மாற்றும் செலவு செர்னின் தலையில் விழும். ஆளை மாற்றும் செலவு ஊருக்குத் திரும்பும் ஆளின் தலையில் விழும், கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குக் கட்டிய அவர் குடும்பத்தின் தலையில் விழும். அதனால்தான் அது சுலபமாகத் தெரிகிறது.

பாட்டியின் கதையை இங்கே சொல்ல வேண்டும். அவர் பிரிஞ்சாங்கை அடுத்த ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து எடுத்தவர். கையால் எடுத்த காலம். கடைசிச் சில ஆண்டுகள் விரல் மூட்டுகள் வீங்கி, காலைக் குளிரில் கை மூடாது. இரண்டு இலையும் ஒரு குருத்தும் எங்கே கிள்ள வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும், விரல் போய்ச் சேராது. (அந்தப் படிகத்தைப் பற்றி முதன்முதலில் படித்தபோது நான் நினைத்தது இதைத்தான்: மினுங்குகிறது, வெளியே வரவில்லை.) ஆனாலும் அவருடைய எடை பெரிதாகக் குறையவில்லையாம். எப்படி என்று ஒருமுறை கேட்டேன்.

"பக்கத்து நெரையில உள்ளவ போறபோக்குல ஒரு கைப்பிடி போட்டுட்டுப் போவா. அவ்வளவுதான். போடுறவளும் திரும்பிப் பாக்க மாட்டா, வாங்குறவளும் பாக்க மாட்டா. நானும் வயசுல போட்டிருக்கேன்ல."

"மண்டோருக்குத் தெரியாதா பாட்டி?"

"தெரியாம? அவரு அந்த நேரம் பீடி பத்த வெப்பாரு."

சிஎம்எஸ்ஸிலும் கிட்டத்தட்ட இது உண்டு. 75,848இல் சில படிகங்களின் மின்னணு இணைப்பு முழுக்கச் செத்துப்போயிருக்கிறது. லேசர் அடித்தாலும் பதில் வராது. அந்த இடத்தில் ஒரு துகள் விழுந்தால் அதன் ஆற்றலைச் சுற்றியுள்ள படிகங்கள் பார்த்ததை வைத்து மதிப்பிடுகிறார்கள். ஒரு துகள் எப்போதும் ஒரே படிகத்தில் அடங்குவதில்லை, பக்கத்திலும் சிதறும், அதனால் இது சாத்தியம். அண்டை வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஓட்டையை நிரப்புவது. வித்தியாசம் என்னவென்றால் அங்கே இதை வெளிப்படையாகச் செய்து, எவ்வளவு நிச்சயமின்மை சேர்ந்தது என்றும் எழுதி வைக்கிறார்கள். இங்கே திரும்பிப் பார்க்காமல் செய்தார்கள்.

இன்றைய அறுவடை இயந்திர ஜோடிகளிலும் அந்தக் கைப்பிடி இருக்கிறது. அந்தத் தோட்டத்துக்கு வேலை பார்க்கப் போனபோது இரண்டு நாள் கவனித்தேன். வயதான ஒருவரோடு இளையவர் ஒருவர் நிற்கிறார். மேட்டுப் பக்கம் கனம் குறைவு, அந்தப் பக்கம் பெரியவர். பள்ளத்துப் பக்கம் பையன். சாக்கு நிறைந்தால் தூக்கிப் போவது பையன். ஜோடியை யார் முடிவு செய்வது என்று கேட்டால், "அவங்களே சேந்துக்குவாங்க" என்றார் மேற்பார்வையாளர். ஜோடியின் எடை என்ற அந்த மொத்தையான எண்ணுக்குள் ஒரு திருத்தக் காரணி ஒளிந்திருக்கிறது. யாரும் எழுதிக் கொடுக்காத காரணி. நான் வாரா வாரம் ஜோடிகளைக் கலைத்து, சமன்பாட்டைத் தீர்த்து, துல்லியமாகப் பிரித்துக் கொடுத்தால் முதலில் சாவது அதுதான்.

துல்லியம் கூடினால் உண்மை கூடும் என்று எங்களுக்குக் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்ததாக நாங்களே நினைத்துக்கொண்டோம்.

சரி, அப்படியானால் பறிப்பவரின் வயதுக்கும் ஒரு கட்டம் போட்டு, ஒரு காரணியால் பெருக்கி, எல்லாவற்றையும் வெளிப்படையாக்கிவிடலாமே? முதலில் அப்படித்தான் யோசித்தேன். யோசிக்க யோசிக்கப் பயமாகிவிட்டது. காரணம் சிஎம்எஸ்ஸே.

அந்தப் படிகங்கள் இரண்டு இடங்களில் இருக்கின்றன. 61,200 படிகங்கள் நடுவில் பீப்பாய் போன்ற பகுதியில். மிச்சம் 14,648 இரண்டு முனை மூடிகளில், கற்றைக் குழாயை ஒட்டி. ஒரே பொருள், ஒரே வளர்ப்பு முறை. ஆனால் கற்றைக்கு அருகே கதிர்வீச்சு பல மடங்கு அதிகம். பீப்பாயில் உள்ளவை கொஞ்சம் மங்கியிருக்கின்றன, முனையின் உள்வட்டத்தில் உள்ளவை தங்கள் வெளிச்சத்தின் பெரும்பகுதியை இழந்துவிட்டன. அங்கே திருத்தக் காரணி பத்து, இருபது என்று போகும்போது இன்னொரு சிக்கல்: காரணி படிகம் சொன்னதை மட்டும் பெருக்குவதில்லை, இரைச்சலையும் சேர்த்துப் பெருக்குகிறது. ஓர் எல்லைக்கு மேல் நீங்கள் திருத்துவது படிகத்தின் சாட்சியத்தை அல்ல, உங்கள் ஊகத்தை. 2026இல் தொடங்குவதாகத் திட்டமிட்டுள்ள நீண்ட நிறுத்தத்தில் இரண்டு முனைகளையும் முழுக்கக் கழற்றிவிட்டு, பெரும்பாலும் சிலிக்கானால் ஆன வேறொரு கருவியை வைக்கப்போகிறார்கள். முனையில் படிகங்களுக்கு முன்னால் இருக்கும் சிலிக்கான் தட்டுகளும் போகும். அவற்றில் ஒரு பங்கு இந்தியாவில், பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸில் செய்தவை.

எந்த அளவீட்டை வைத்து இந்த முடிவை எடுத்தார்கள்? அதே 40 நிமிட லேசரை வைத்துத்தான். நலம் விசாரித்த அதே கேள்விதான் ஓய்வுக் கடிதத்தையும் எழுதியது. ஒருவரின் தேய்மானத்தை அளக்கும் எண்ணுக்குத் தானாக எந்தப் பக்கமும் கிடையாது. ஈடுகட்டவும் அதைப் பயன்படுத்தலாம், கழித்துக் கட்டவும் பயன்படுத்தலாம். நான் வயதுக்கு ஒரு கட்டம் போட்டால், அது பெருக்குவதற்கான காரணியாக இருக்குமா, ஆட்குறைப்புப் பட்டியலின் முதல் பத்தியாக இருக்குமா? தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்று 2013 ஜூலையிலிருந்து சட்டம் இருக்கிறது. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வந்தவருக்கு அந்த வயது வரவே வராது. ஒப்பந்தம் முன்னால் முடியும்.

பழையதைக் காப்பாற்றுவது எல்லாம் புனிதம் என்றும் நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஊர் பழைய லேண்ட் ரோவர்களுக்குப் பேர் போனது. என் அப்பாவைவிட மூத்த வண்டிகள் கோஸ் மூட்டையோடு ஏறிக்கொண்டிருக்கும். சுற்றுலா வந்தவர்கள் படம் எடுப்பார்கள். பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவனுக்குத்தான் புகை. சிஎம்எஸ்ஸில் மியூவான்களைப் பிடிக்கும் சில வாயு அறைகள் இருக்கின்றன. அவற்றில் ஓடும் வாயுவில் பெரும்பங்கு கார் குளிர்சாதனத்தில் போடும் ஆர்134ஏ. நூறு ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கும். குழாய் இணைப்புகள் வயதாகி உடைந்து கசிய ஆரம்பித்தன. கை எட்டிய இடங்களில் அடைத்தார்கள். எட்டாத சில அறைகளுக்கு வாயுவை நிறுத்திவிட்டார்கள். அந்த அறைகள் நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தவை. பார்வை போனதற்காக அவற்றை மூடவில்லை, வெளியே இருப்பவர்களுக்குக் கெடுதல் என்பதற்காக மூடினார்கள். எனக்கு அது சரியான காரணமாகத்தான் படுகிறது.

ஆக, ஓய்வு கொடுப்பதே தவறு என்பது என் வாதம் அல்ல. என் கேள்வி, ஓய்வுக்கு முன்னால் என்னென்ன செய்து பார்த்தார்கள் என்பது. சிஎம்எஸ்ஸின் வெளி அடுக்கில் இந்தியாவின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் செய்த ஒரு பகுதி இருக்கிறது, ஒளிரும் பிளாஸ்டிக் தகடுகள். அதன் ஒளியைப் படிக்கும் சாதனங்கள் அங்குள்ள காந்தப் புலத்தில் ஒழுங்காக வேலை செய்யவில்லை. தகடு மோசம் என்று தூக்கிப் போடவில்லை. 2013–14 நிறுத்தத்தில் படிக்கும் சாதனத்தை மட்டும் மாற்றினார்கள், சிலிக்கான் உணரியாக. தகடுகள் அங்கேயே இருக்கின்றன. இப்போது பீப்பாயின் 61,200 படிகங்களுக்கும் அப்படித்தான். படிகம் இருக்கும், ஒளியை வாங்கும் உணரி இருக்கும், மின்னணுவியல் முழுக்கப் புதிதாகும், வெப்பநிலையை 18 டிகிரியிலிருந்து 9 டிகிரிக்கு இறக்கப்போகிறார்கள். வயதான உணரியின் இரைச்சல் குளிரில் அடங்கும். குளிரில் படிகம் தானாகத் தேறுவது மெதுவாகும் என்பது அதற்கான விலை. இதே கருவியின் உள்மையத்தில் இருக்கும் சிலிக்கான் தடங்காட்டிக்கோ நீண்ட நேர வெப்பம் ஆகாது, காயம் முற்றிவிடும். வேலை இல்லாத காலத்திலும் அதைப் பூஜ்யத்துக்குக் கீழேயே வைத்திருக்க வேண்டும். ஒன்றுக்கு மருந்து இன்னொன்றுக்கு விஷம் என்று தெரிந்து, ஒவ்வொன்றையும் அதனதன் குளிரில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இவ்வளவையும் படிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. அங்கே தேய்மானத்தை அளக்கிறவரும், தேய்ந்ததை வைத்துக்கொண்டு அடுத்த பத்தாண்டு வேலை செய்ய வேண்டியவரும் ஒரே கூட்டம். படிகத்தைப் பற்றித் தப்பாகக் கணக்குப் போட்டால் அவர்களுடைய ஆய்வே கெடும். அளப்பவருக்கும் அளக்கப்படுவதற்கும் இடையில் ஒரு கயிறு கட்டியிருக்கிறது. என் படிவத்தில் அந்தக் கயிறு இல்லை. நான் நிறுவிவிட்டுப் போய்விடுவேன். கோட்டைப் பார்க்கும் மேலாளருக்கு ஆள் மாறினால் நஷ்டமில்லை. கோடு யாருடையதோ அவருக்கு அந்தத் திரையைப் பார்க்கவே அனுமதி இல்லை. அந்தக் கயிறு இருந்த ஒரே இடம் நிரைக்கும் நிரைக்கும் நடுவில். போட்டவள் நாளைக்கு வாங்கப்போகிறவள் என்பதால் அந்தக் கைப்பிடியின் அளவு சரியாக இருந்தது.

போன வாரம் தோட்டத்துக்கு என் தொழில்நுட்பக் குறிப்பை அனுப்பினேன். தராசு, ஈரத்தை உண்மையிலேயே அளக்கும் ஓர் உணரி (சும்மா மூன்று கிலோ கழிப்பதற்குப் பதிலாக), எடை விழும்போதே தொழிலாளர் பக்கமும் தெரியும் ஒரு திரை. பதிவின் அலகு என்ற இடத்தில் "ஜோடி" என்று எழுதினேன். ஜோடி சேர்வது தொழிலாளர் விருப்பம், வாராந்திர மாற்றம் இந்த அமைப்பில் சேராது என்று அதற்குக் கீழே ஒரு வரி. தனி ஆள் கணக்குக்கான மென்பொருளை விலைப்பட்டியலில் சேர்க்கவில்லை. வேறு யாராவது இரண்டு நாளில் எழுதிக் கொடுப்பார்கள் என்று தெரியும்.

மேலாளர் நேற்றுக் கூப்பிட்டார். கோபம் இல்லை, நிஜமாகவே புரியாத குரல். "தம்பி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஜோடி ஜோடியா எழுதுனா, யாரு கொறச்சலா செய்யுறான்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது சார்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஈர உணரியின் விலையைக் கேட்டார், அதைக் குறைக்க முடியுமா என்று. புதன்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்.